அளக்கிறது யார், கேட்கிறது யார், நிப்பாட்டுறது யார்? இலங்கையின் காற்றுச் சட்டங்கள் வந்த கதை

2022 டிசெம்பர் 9, வெள்ளிக்கிழமை. நாடு முழுக்கப் பாடசாலைகளுக்கு லீவு விட்டார்கள். வெள்ளமோ தேர்தலோ கொரோனாவோ காரணமில்லை. காற்றுச் சரியில்லை என்றார்கள். வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சுழல் வடக்கே இந்தியப் பெருநிலத்தின் மேல் தேங்கியிருந்த புகையையும் தூசியையும் இழுத்து எங்கள் பக்கம் கொண்டுவந்தது. வானம் சாம்பல் நிறமாகக் கிடந்தது. முகக்கவசம் போடுங்கோ, வயசானவர்களையும் பிள்ளைகளையும் வெளியே விடாதேயுங்கோ என்று அறிவித்தார்கள். அதே நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் செத்து விழுந்தன. காற்று மாசுதான் கொன்றது என்று முதலில் சனம் பயந்தது. கடும் குளிர்தான் காரணம் என்று பிறகு பரிசோதனையில் தெரியவந்தது.

மன்னார்க் காரருக்கு இது புதுமையான செய்தி. காற்றுக்குக் குறைவில்லாத ஊர் எங்களுடையது. வாடையும் கொண்டலும் சோளகமும் கச்சானும் எப்போது வரும், எப்போது மாறும் என்று நாள்காட்டி பார்க்காமலே சொல்லக்கூடிய ஆட்கள் உப்புக்குளத்தில் இன்றைக்கும் இருக்கிறார்கள். இவ்வளவு காற்று அடிக்கிற தீவில் காற்று மாசு என்பது கொழும்புக்காரரின் பிரச்சினை என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நாங்கள் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினோம். இலங்கையில் காற்றைப் பாதுகாக்கச் சட்டம் இருக்கிறதா? இருந்தால் அது எப்போது, யாரால், எதற்காக வந்தது? வாசிக்க வாசிக்க மூன்று சின்னக் கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. காற்றை அளக்கிறது யார்? முறைப்பாட்டைக் கேட்கிறது யார்? தப்பு நடந்தால் நிப்பாட்டுறது யார்? இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கதையைச் சொல்லுகிறோம்.

மூக்குத்தான் அளவுகோல்

பிரித்தானியர் காலத்தில் காற்றுக்கென்று தனிச் சட்டம் இருக்கவில்லை. இருந்தது "தொல்லை" பற்றிய சட்டம். 1862ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் தொல்லைகள் கட்டளைச் சட்டம் குப்பை, கழிவு, துர்நாற்றம் மாதிரியான விஷயங்களைக் குற்றமாக்கியது. 1883இல் வந்த தண்டனைச் சட்டக்கோவை பொதுத் தொல்லையையும், ஆட்களின் உடல்நலத்துக்குக் கேடு வரும்படி காற்றைக் கெடுப்பதையும் தண்டனைக்குரியதாக்கியது.

அந்தச் சட்டங்களுக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் மூக்குத்தான் அளவுகோல். மணக்குது, கண் எரியுது, இருமல் வருது என்று ஒருவர் சொன்னால் நீதவான் விசாரிக்கலாம். இந்த வழி இன்றைக்கும் மூடப்படவில்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ், பொதுத் தொல்லை ஒன்றை அகற்றும்படி நீதவான் நிபந்தனைக் கட்டளை போடலாம். அதற்கு ஒரு அறிக்கையோ தகவலோ அவருக்குக் கிடைத்தால் போதும்.

இந்தப் பழைய முறைக்கு ஒரு பலம், ஒரு பலவீனம். பலம் என்னவென்றால் கேட்க ஆள் இருந்தது. நீதவான் பக்கத்து ஊரில் இருப்பார், முறைப்பாடு சாதாரண சனத்தின் வாயிலிருந்து வரும். பலவீனம், மணக்காத நஞ்சை அது பிடிக்காது. பேக்கரிப் புகையையும் குப்பைமேட்டையும் பிடிக்கும். ஒரு பெரிய ஆலையின் புகைபோக்கி உயரத்தில் கொண்டுபோய் விடுகிற, பத்து மைல் தள்ளி யாருடைய நெஞ்சிலோ போய் இறங்குகிற தூளைப் பிடிக்காது.

உலகத்துக்கு இந்தப் பலவீனத்தைக் காட்டியது லண்டன். 1952 டிசெம்பர் 5 முதல் 9 வரை நிலக்கரிப் புகை பனியோடு கலந்து நகரத்தை மூடியது. ஏறக்குறைய 4,000 பேர் செத்துப்போனார்கள் என்று அப்போது கணக்கிட்டார்கள். பிறகு செய்த ஆய்வுகள் அந்தத் தொகையை இன்னும் பல மடங்கு கூட்டின. 1956இல் பிரித்தானியாவில் தூய காற்றுச் சட்டம் வந்தது. தொல்லைச் சட்டத்தை எங்களுக்குத் தந்துவிட்டுப் போன நாடே, அது போதாது என்று கண்டுகொண்டது.

இலங்கையில் அந்தப் பாடம் உடனே இறங்கவில்லை. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்குப் பிறகு புத்தளத்துப் பாலாவியில் இன்னொன்று வந்தது. இரண்டும் சுண்ணாம்புக் கல்லை உடைத்து, அரைத்து, சூளையில் எரிக்கிற தொழில், தூசி இல்லாமல் நடக்காது. ஆனால் அந்த ஆலைகள் எழும்பின காலத்தில், புகைபோக்கியால் எவ்வளவு தூசி போகலாம் என்று சொல்கிற ஒரு எண் கூட இந்த நாட்டுச் சட்டத்தில் இருக்கவில்லை.

எண் வந்த கதை

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் வந்து, அதன் கீழ் மத்திய சுற்றாடல் அதிகார சபை 1981இல் தொடங்கியது. முதல் சில வருஷம் அதற்குப் பல் இல்லை. ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். பல் முளைத்தது 1988ஆம் ஆண்டின் திருத்தத்தில். அந்தத் திருத்தம் இரண்டு பெரிய விஷயங்களைக் கொண்டுவந்தது. ஒன்று, சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம். மாசு வெளியேற்றுகிற தொழில் எதுவும் அது இல்லாமல் இயங்கக்கூடாது. மற்றது, சுற்றாடல் தாக்க மதிப்பீடு. பெரிய திட்டம் எதுவும் முதலில் அதைச் செய்து, அறிக்கையைப் பொதுமக்கள் பார்க்க வைக்கவேண்டும். வளிமண்டலத்தை மாசுபடுத்துவதைத் தடைசெய்கிற பிரிவுகளும் அதோடு சேர்ந்து வந்தன.

1994 டிசெம்பர் 20ஆம் திகதிய வர்த்தமானியில்தான் வெளிக்காற்றுக்கான தர எண்கள் முதன்முதலில் வந்தன. 2008 ஓகஸ்ட் 15இல் அவை திருத்தப்பட்டன. அந்தத் திருத்தத்தில்தான் நுண்துகள்கள் சட்டத்துக்குள் நுழைந்தன.

நுண்துகள் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாக வெட்டினால் ஒரு துண்டு ஒரு மைக்ரோன். எங்கள் தலைமயிர் ஒன்றின் தடிப்பு 50 முதல் 70 மைக்ரோன் வரும். 10 மைக்ரோனுக்குக் குறைந்த தூசி மூக்கைத் தாண்டி நெஞ்சுக்குள் போகும். 2.5 மைக்ரோனுக்குக் குறைந்தது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய், அதில் மிக நுண்ணியவை இரத்தத்தோடும் கலக்கும். இருமினால் வராது, கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. பக்கத்து வீட்டு மூக்கை நம்பியிருந்த பழைய சட்டம் தோற்றுப்போகிற இடம் இதுதான்.

2008இல் இலங்கை போட்ட எல்லை: 2.5 மைக்ரோன் துகள் ஒரு கன மீற்றர் காற்றில் வருஷச் சராசரி 25 மைக்ரோகிராம், ஒரு நாள் சராசரி 50. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டி அளவு: வருஷச் சராசரி 5, ஒரு நாளைக்கு 15. எங்கள் வர்த்தமானி சரி என்று விடுகிற காற்று, அந்த வழிகாட்டியின்படி ஐந்து மடங்கு அழுக்கு.

எண் வந்ததும் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. எண் இருந்தால் அதை அளக்க ஆளும் கருவியும் வேணும். இலங்கையில் தொடர்ச்சியான அளவீடு 1990களின் பிற்பகுதியில் கொழும்புக் கோட்டையில் தொடங்கியது. தலைநகரத்தின் பஸ் புகை அளக்கப்பட்டது. சட்டம் நாடு முழுவதுக்கும் பொது, ஆனால் கருவி நின்றது ஒரு சந்தியில். அளக்கப்படாத ஊரில் அந்த எண் வெறும் மை.

ஒருவர் போட்ட வழக்கு

1988இன் திருத்தம், காற்றுக்கான தரங்களை விதிக்கலாம் என்று அமைச்சருக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. வாகனப் புகைக்கு அப்படி ஒரு தரம் வருஷக்கணக்காக வரவில்லை. 1998இல் லலாநாத் டி சில்வா என்ற சுற்றாடல் சட்டத்தரணி உயர் நீதிமன்றத்தில் ஒரு அடிப்படை உரிமை மனுவைத் தாக்கல் செய்தார். அமைச்சர் செய்யவேண்டிய ஒழுங்குவிதியைச் செய்யாமல் விட்டதால் தானும் கொழும்பில் வாழ்கிற மற்றவர்களும் நஞ்சைச் சுவாசிக்கிறார்கள் என்பதுதான் வாதம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் 1978 அரசியலமைப்பில் வாழும் உரிமை என்று தனியாக ஒரு உறுப்புரை கிடையாது. இந்தியாவில் சுற்றாடல் வழக்குப் போடுகிறவர்கள் முதலில் தூக்குகிற ஆயுதம் அதுதான். இங்கே அது இல்லாமலே வழக்கை நகர்த்த வேண்டியிருந்தது. வழக்கு நகர்ந்தது, அரசு அசைந்தது. 2000 ஜூனில் வாகனப் புகை, எரிபொருள், வாகன இறக்குமதி ஆகியவற்றுக்கான தரங்கள் வர்த்தமானியில் வந்தன. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. 2008இல் டூ ஸ்ட்ரோக் ஓட்டோக்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதே வருஷம் வாகனப் புகைப் பரிசோதனையும் ஆரம்பமானது. இன்றைக்கு வருஷா வருஷம் வாகன வரிப்பத்திரம் எடுக்க முதல் நீங்கள் காசு கட்டி எடுக்கிற அந்தப் புகைச் சான்றிதழுக்குப் பின்னால் இந்த வழக்கும் இருக்கிறது.

அந்த வருஷங்களில் வடக்கில் என்ன நடந்தது? பொருளாதாரத் தடை. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பெற்றோல் கிடைக்காமல், மோட்டார் சைக்கிளை ஒரு சொட்டுப் பெற்றோலில் உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பின்னால் போகிறவருக்குக் கண் எரியும். கொழும்பில் வாகனப் புகையின் தரம் பற்றி நீதிமன்றத்தில் வாதாடப்பட்ட அதே தசாப்தத்தில், இங்கே புகை கக்குகிற வண்டி ஓடுவதே சனத்துக்கு ஒரு வரமாக இருந்தது. ஒரே நாடு, ஒரே சட்டம், ஆனால் ஒரே காலத்தில் வாழவில்லை. காற்றுச் சட்டங்களைப் பற்றி வடக்கில் பேச்சே எழும்பாமல் போனதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது எங்கள் வாசிப்பு. உயிரே பிரச்சினையாக இருந்தபோது மூச்சைப் பற்றி யார் கதைக்கிறது?

நுரைச்சோலை: எங்கட கதையும்தான்

1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவின் முஸ்லிம் குடும்பங்கள், உப்புக்குளத்தவர்கள் உட்பட, வீட்டையும் வள்ளத்தையும் கடையையும் விட்டுவிட்டுப் போனார்கள். பலர் கடல்வழியாகக் கற்பிட்டியில் போய் இறங்கினார்கள். கற்பிட்டிக் குடாநாட்டிலும் புத்தளத்திலும் ஓலைக் கொட்டிலில் தொடங்கிய வாழ்க்கை இருபது வருஷத்துக்கு மேல் நீண்டது. எங்களில் சிலரின் உம்மா வாப்பா கலியாணம் முடித்ததும் பிள்ளை பெற்றதும் அங்கேதான். போர் முடிந்து ஊருக்குத் திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள், அங்கேயே வேரூன்றினவர்களும் இருக்கிறார்கள். ஆகவே கற்பிட்டியின் காற்று எங்களுக்கு அந்நியக் காற்று இல்லை.

அந்தக் குடாநாட்டில்தான் நாட்டின் ஒரே பெரிய நிலக்கரி அனல்மின் நிலையம் வந்தது. திட்டம் 1990களிலேயே பேசப்பட்டது. மீனவர்கள், தோட்டக்காரர்கள், கத்தோலிக்கத் திருச்சபை எல்லாரும் எதிர்த்தார்கள். தலவில புனித அன்னம்மாள் ஆலயம் பக்கத்தில் என்பதும் எதிர்ப்புக்கு ஒரு காரணம். திட்டம் தள்ளிப்போனது, திரும்பி வந்தது. 2006 மே மாதம் சீனக் கடனில் வேலை ஆரம்பமானது. 300 மெகாவற் கொண்ட முதல் அலகு 2011இல் இயங்கியது. 2014 செப்டெம்பரில் சீன ஜனாதிபதி சி ஜின்பிங் இலங்கை வந்தபோது, மூன்று அலகும் சேர்ந்த 900 மெகாவற் நிலையம் முழுமையாகத் திறந்துவைக்கப்பட்டது. நாட்டின் மின்சாரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை ஒரே இடத்தில் எடுக்கிற நிலைமை வந்தது.

இதில் காற்று எப்படிக் கெடுகிறது என்பதை எங்கள் கடலோரத்து ஆட்களுக்கு விளக்குவது லேசு. நிலக்கரி கப்பலில் வருகிறது. சோளகம் பலமாக அடிக்கிற மாதங்களில் கடல் கொந்தளிக்கும், கப்பலிலிருந்து கரியை இறக்க ஏலாது. அதனால் கடல் அமைதியாக இருக்கிற காலத்திலேயே பல மாதத்துக்குத் தேவையான கரியை இறக்கி, திறந்த முற்றத்தில் மலையாகக் குவித்து வைக்கவேண்டும். பிறகு சோளகம் தொடங்கும். கரி மலை நிறைந்திருக்கிற நேரமும் காற்று ஓங்கி அடிக்கிற நேரமும் ஒன்று. கடற்கரையிலிருந்து தரைப்பக்கம் அடிக்கிற அந்தக் காற்றின் பாதையில்தான் வீடுகளும் தோட்டங்களும் இருக்கின்றன. இதோடு எரிந்து முடிந்த கரியின் சாம்பலும் சேரும். வீட்டுக் கூரையிலும் தோட்டத்து இலையிலும் கரித்தூள் படியுது, பிள்ளைகளுக்கு இருமல் நிற்குதில்லை என்று ஊர்ச்சனம் வருஷக்கணக்காக முறையிட்டது.

எங்கள் மூன்று கேள்விகளையும் இங்கே வைத்துப் பாருங்கள்.

அளக்கிறது யார்? வெளிக்காற்றுக்கு 1994 முதலே எண் இருந்தது. ஆனால் ஆலையின் புகைபோக்கியிலிருந்து எவ்வளவு போகலாம் என்ற ஒழுங்குவிதி 2019 ஜூனில்தான் வர்த்தமானியில் வந்தது. நுரைச்சோலையின் முதல் அலகு புகையத் தொடங்கி எட்டு வருஷத்துக்குப் பிறகு. அதுவரை அனுமதிப்பத்திரத்தில் எழுதுகிற நிபந்தனைதான் கடிவாளம்.

கேட்கிறது யார்? வடமேல் மாகாணத்துக்கு மட்டும் ஒரு தனித்தன்மை உண்டு. 1990ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க மாகாணச் சுற்றாடல் நியதிச்சட்டம் அங்கே இருக்கிறது. ஆகவே அங்கே அனுமதிப்பத்திரம் கொடுப்பது மாகாணத்தின் சுற்றாடல் அதிகார சபை. ஊருக்குக் கிட்ட அதிகாரம் இருப்பது நல்லது என்றுதான் நாங்கள் எல்லாரும் சொல்லுகிறோம். ஆனால் ஒரு மாகாண அலுவலகம், நாட்டின் மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தை எடுக்கிற அரச நிறுவனத்துக்கு முன்னால் எவ்வளவு நிமிர்ந்து நிற்க முடியும்?

நிப்பாட்டுறது யார்? 2017க்குப் பிறகு இந்த நிலையம் புதுப்பித்த அனுமதிப்பத்திரம் இல்லாமலே இயங்கியது என்பதைக் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை வெளியில் கொண்டுவந்தது. ஒரு சின்ன மில்லுக்கு அனுமதிப்பத்திரம் இல்லையென்றால் பூட்டலாம். இதைப் பூட்டினால் நாடே இருட்டு. சட்டம் நிப்பாட்ட முடியாத அளவுக்கு ஒரு ஆலை பெரிதாகிவிட்டால், அதற்குப் பிறகு அனுமதிப்பத்திரம் வெறும் சம்பிரதாயக் கடதாசி. ஆகவே பெரிய ஆலையை நிப்பாட்டுகிற ஒரே நேரம் அது கட்டப்பட முதல்தான். நுரைச்சோலையிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட முதல் பாடம் இது.

எதிர்க்கரையில் ஒன்று, கிழக்கில் ஒன்று

மன்னார் வளைகுடாவின் மறு கரையில் தூத்துக்குடி. அங்கே ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை 1990களின் நடுப்பகுதியில் வந்தது. தாமிரத் தாதுவை உருக்கும்போது கந்தகவீரொட்சைட்டு வரும். 2013 மார்ச் 23 அன்று காலையில் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் ஊர் விழித்தது. மாதக் கடைசியில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையை மூடச் சொன்னது. ஏப்ரல் 2இல், வேறொரு பழைய வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் ஆலைக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்து, ஆனால் இயங்க விட்டது. சில வாரத்தில் பசுமைத் தீர்ப்பாயம் கதவைத் திறந்துவிட்டது.

2018இல் ஆலையை விரிவாக்கப் போகிறார்கள் என்றதும் சனம் மறுபடி இறங்கியது. போராட்டத்தின் நூறாவது நாள், மே 22, கலெக்டர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தின் மேல் பொலிஸ் சுட்டது. 13 பேர் கொல்லப்பட்டார்கள். ஆறு நாள் கழித்து, மே 28இல், தமிழ்நாடு அரசு ஆலையை நிரந்தரமாக மூட ஆணை போட்டது. 2020 ஓகஸ்ட் 18இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2024 பெப்ரவரி 29இல் உச்ச நீதிமன்றமும் அந்த மூடலை உறுதிப்படுத்தின. அளக்க வாரியம் இருந்தது, கேட்க நீதிமன்றமும் தீர்ப்பாயமும் இருந்தன, காற்றுச் சட்டம் 1981இலிருந்தே இருந்தது. எல்லாம் இருந்தும், நிப்பாட்டுகிறதுக்கு 13 உயிர் போகவேண்டி வந்தது.

இப்போது கிழக்கே பாருங்கள். திருகோணமலையின் சம்பூரில் இந்தியாவின் என்.ரி.பி.சி.யும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவற் நிலக்கரி நிலையம் கட்டுவதாக இருந்தது. 2006இல் போரால் இடம்பெயர்ந்த சனத்தின் ஊர் அது. ஊர்ச்சனம் எதிர்த்தது, சுற்றாடல் அமைப்பு ஒன்று உயர் நீதிமன்றம் போனது. 2016 செப்டெம்பரில், சம்பூரில் நிலக்கரி நிலையம் கட்டப்படாது என்று அரச தரப்பு நீதிமன்றத்துக்கு அறிவித்தது. ஒரு அடுப்பும் பற்றவைக்க முதல் நின்றுபோனது. தூத்துக்குடிக்கும் சம்பூருக்கும் இடையிலான வித்தியாசத்தில் பெரும்பகுதி, எதிர்ப்பு எந்தக் கட்டத்தில் வந்தது என்பதுதான்.

சுன்னாகத்தையும் சேர்த்துச் சொல்லவேணும். அது தண்ணீர் பற்றிய வழக்கு. மின் நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்தது பற்றிய வழக்கில், 2019 ஏப்ரல் 4இல் உயர் நீதிமன்றம் நோர்தேர்ன் பவர் நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு கட்டவேண்டும் என்றது. மாசாக்கியவரே காசு கட்டவேணும் என்ற கொள்கை வடக்கின் ஒரு ஊர்ப் பெயரோடு இந்நாட்டுச் சட்டத்தில் பதிந்தது. கிணற்றில் எண்ணெய் மிதந்தால் வாளியில் அள்ளிக் காட்டலாம். காற்றை அப்படி அள்ளி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக ஏலாது. அதனால்தான் அளவீடு இவ்வளவு முக்கியம். அளவீட்டுப் பதிவு இல்லாத ஊருக்குக் காற்று வழக்கில் சாட்சி இல்லை.

எங்கட ஊருக்கு இதில் என்ன?

மன்னாரில் இப்போது புகைபோக்கி இல்லை, காற்றாலை இருக்கிறது. 2020 டிசெம்பரில் தொடங்கிய தம்பபவனி 100 மெகாவற், 30 காற்றாலைகள். புகை இல்லாத மின்சாரம் நல்லது என்று நாங்களும் ஏற்றுக்கொள்ளுகிறோம். ஆனால் புகையில்லை என்பதற்காக, ஊரைக் கேட்காமல் செய்யலாம் என்று ஆகாது. வெள்ளம் வடிகிற பாதை, பறவைகளின் வழி, கரைவலை இழுக்கிற இடம் என்று சனம் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் வேணும். 2025இல் மன்னார்ச் சனம் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராகத் தெருவில் இறங்கியதும் அதுக்குத்தான். மணலைக் கிண்டி, காயவைத்து, ஏற்றி இறக்குகிற தொழில் எங்கே நடந்தாலும் தூசி கிளப்பும். சோளகத்துக்கு நடுவில் கரி மலையைக் குவித்த நுரைச்சோலையின் கதையை மறந்துபோய் மணல் மலை பற்றி யாரும் முடிவெடுக்கக்கூடாது.

ஊரிலேயே சின்னப் புகைகளும் உண்டு. பிளாஸ்டிக்கும் பழைய வலையும் குப்பையோடு சேர்த்துக் கொளுத்துவது எல்லாருக்கும் தெரிந்த பழக்கம். குசினி இன்னொன்று. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் நாலில் மூன்று வீட்டுக்கு மேல் விறகில்தான் சமைத்தார்கள். உள்ளே ஊதி ஊதி அடுப்பெரிக்கிற உம்மாமாரின் நெஞ்சுக்குள் போகிற புகைக்கு, 1994இன் வெளிக்காற்று எண்கள் பொருந்தாது. சட்டத்தின் கண் வாசற்படியோடு நிற்கிறது. அந்தக் குசினிக்கு ஒரு புகைக்கூடும் ஒரு பெரிய யன்னலும்தான் சட்டம்.

அப்ப, நாங்கள் செய்யக்கூடியது என்ன? கதையிலிருந்தே நாலு விஷயம் எடுக்கலாம்.

முதலாவது, எந்தக் கதவைத் தட்டவேணும் என்று தெரிந்து வைத்திருப்பது. அனுமதிப்பத்திரம் தேவையான தொழில்களை வர்த்தமானி அ, ஆ, இ என்று பிரித்திருக்கிறது. அ, ஆ இரண்டும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் பொறுப்பு. மிளகாய் அரைக்கிற மில் மாதிரி சிறிய தொழில்கள் வருகிற இ பிரிவுக்கு உள்ளூராட்சி மன்றம்தான் பொறுப்பு. அதாவது உப்புக்குளத்துக்கு மன்னார் நகர சபை, வெளியூருக்கு அந்தந்தப் பிரதேச சபை. "அது கொழும்பின்ர வேலை" என்று அவர்கள் சொன்னால், இல்லை என்று சொல்ல எங்களுக்குத் தெரிந்திருக்கவேணும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், 98ஆம் பிரிவும், நீதவானும் இன்னும் இருக்கிறார்கள்.

இரண்டாவது, கடதாசி கேட்பது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எந்தப் பிரசைக்கும் அந்த உரிமையைத் தருகிறது. ஒரு தொழிலின் அனுமதிப்பத்திரம், அதில் உள்ள நிபந்தனை, கடைசியாகக் காற்றை அளந்த அறிக்கை, மூன்றையும் எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, காலத்தோடு கேட்பது. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வந்தால் மூன்று மொழியிலும் பத்திரிகையில் அறிவித்தல் வரவேணும், கருத்துச் சொல்ல 30 நாள் இருக்கும். அந்த 30 நாளில் எழுதின ஒரு பக்கக் கடிதம், ஆலை எழும்பின பிறகு செய்கிற நூறு நாள் போராட்டத்தை விட லேசு. அதில் உயிர் போகாது.

நாலாவது, அளவீடு கேட்பது. மன்னாருக்கு நிரந்தரமான, எல்லாரும் பார்க்கக்கூடிய காற்று அளவீடு வேணும் என்று நகர சபையிலும் மாவட்ட ஒருங்கிணைப்புக் கூட்டத்திலும் விடாமல் கேட்கவேணும். எல்லை தாண்டி வருகிற காற்று மாசு பற்றித் தெற்காசிய நாடுகள் 1998இல் மாலே பிரகடனத்தில் சேர்ந்து ஒப்புக்கொண்டன, இலங்கையும் அதில் உண்டு. வடக்கே இருந்து வருகிற அழுக்குக் காற்று முதலில் தொடுகிற கரைகளில் ஒன்று எங்களுடையது. இந்தத் தீவில் தலைமன்னாரைத் தாண்டி வேறு ஊர் இல்லை. அளவுகோல் வைக்க இதைவிட நல்ல இடம் எங்கே?

160 வருஷத்துக்கு முதல் ஒருவரின் மூக்கை நம்பித் தொடங்கிய சட்டம், எண்ணுக்கு வந்து, நீதிமன்றத்துக்குப் போய், இன்றைக்கு வர்த்தமானிக் கட்டுகளாக இருக்கிறது. ஒரு படியும் தானாக நகரவில்லை. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் இருமிவிட்டுச் சும்மா இருக்கவில்லை, கேள்வி கேட்டார். அடுத்த கேள்வியை உப்புக்குளத்திலிருந்து கேட்கலாம் என்று நினைக்கிறவர்கள் முதலில் அந்தத் தகவல் கோரிக்கைக் கடிதத்தை எழுதுங்கள். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் வாருங்கள், இருந்து சேர்ந்து எழுதுவம்.